பெங்களூருக்கு குடும்பத்தோடு குடிபோறீங்களா? வீட்டை பாக்கறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்தை பாருங்க!

ஓசூர்,-

கோடை விடுமுறை முடியும் நேரம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கம் இருந்து மினி வேன்களில் பீரோ, கட்டில், அண்டா, குண்டானை கட்டிக்கொண்டு ஓசூர் வழியாக பெங்களூருக்கு குடும்பங்கள் கிளம்புகின்றன. கட்டிட வேலை, கார்மெண்ட்ஸ், டிரைவர் வேலை, வீட்டு வேலை, பூ வியாபாரம் என்று ஆளுக்கு ஒரு காரணம்.

இவர்களில் பல குடும்பங்களுக்கு ஏற்கனவே 2 பாஷை. வேப்பனப்பள்ளி, சூளகிரி, பாகலூர் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கன்னடமும் தமிழும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருதுவும் தமிழும். பெங்களூரு போனதும் 3-வது பாஷை வந்து சேருகிறது. வயிற்று பிழைப்புக்கு பெரியவங்க எப்படியோ சமாளித்து விடுவார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளைகள்தான்.

"எந்த ஏரியாவில் வீடு பாக்கலாம்?" என்று கேட்டால் "வாடகை எங்கே கம்மியோ அங்கே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அந்த பதில் எப்படி வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும்? எதை முதலில் பார்க்க வேண்டும்? விவரம் வருமாறு:-

முதல் கேள்வி: பிள்ளை என்ன வகுப்பு?

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அம்மாவுக்கு தையல் தெரியும். ஊர் வேப்பனப்பள்ளி பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். மூத்தவள் அரசு பள்ளியில் 7-ம் வகுப்புக்கு போகிறாள். சின்னவன் 2-ம் வகுப்பு.

சின்னவனை பற்றி பெரிய கவலை வேண்டாம். 6, 7 வயசு பிள்ளை தெருவில் விளையாடியே புது பாஷையை பிடித்துக்கொள்ளும். மூத்தவள் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். ஏன்?

தமிழ்நாட்டில் அரசு பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் கொண்டு வரப்பட்டது. 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரிக்கு போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோதும், 6 முதல் 12 வரை அரசு பள்ளி என்பதுதான் அடிப்படை. நடுவில் வேறு மாநிலத்துக்கு போனால் இந்த கணக்கு அறுந்துவிடும்.

சரி, கர்நாடகத்தில் கிடைக்காதா? அங்கே அரசு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சீட்டு கேட்க, 1-ம் வகுப்பில் இருந்து 2-ம் பி.யு.சி. வரைக்குள் குறைந்தது 7 ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி.யை அங்கே பாஸ் செய்திருக்கவும் வேண்டும்.

7-ம் வகுப்பில் போகிற பெண்ணுக்கு 7, 8, 9, 10, அப்புறம் 2 ஆண்டு பி.யு.சி. மொத்தம் 6 ஆண்டுதான் ஆகும். ஒரு ஆண்டு குறைகிறது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று இரண்டுங்கெட்டானாக நிற்க வேண்டியதுதான்.

இதே பிள்ளையை போன ஆண்டே, 6-ம் வகுப்பிலேயே அங்கே சேர்த்திருந்தால் 7 ஆண்டு சரியாக இருந்திருக்கும். ஒரே ஒரு வருஷத்தில் இவ்வளவு வித்தியாசம் என்பது குறிப்பிடத்தக்கது. சின்னவனுக்கு இந்த சிக்கல் இல்லை. 2-ம் வகுப்பில் போனால் 11 ஆண்டு படித்துவிடுவான்.

தமிழ் வழியை விட்டால்...

தமிழக அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ல் சட்டமானது. 2020-ல் அது இறுக்கப்பட்டது. இப்போது பட்டம் மட்டும் தமிழ் வழியில் வாங்கினால் போதாது. ஆரம்பம் முதல் தமிழ் வழியில் படித்த சான்றிதழ் கேட்கிறார்கள். நடுவில் 2 வருஷம் கன்னட வழியிலோ, இங்கிலீஷ் மீடியத்திலோ படித்துவிட்டு திரும்பி வந்தால் அந்த முன்னுரிமை போச்சு.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ் தகுதித்தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அதில் 40 சதவீத மார்க் எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். ஆக, பெங்களூருவில் வளர்கிற பிள்ளை நாளைக்கு ஊரில் கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டும் என்றாலும் தமிழ் எழுத படிக்க தெரிந்தே ஆகணும். "வீட்ல தமிழ் பேசறோமே, போதாதா?" என்று இருந்துவிட வேண்டாம். பேசுவது வேறு, எழுதுவது வேறு.

அங்கே பள்ளிக்கூடம் எப்படி?

கர்நாடகத்தில் 2015-ல் போட்ட சட்டப்படி எல்லா பள்ளியிலும் கன்னடத்தை முதல் பாஷையாகவோ, 2-வது பாஷையாகவோ படிக்க வேண்டும். தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். எனவே "கன்னடம் இல்லாத பள்ளிக்கூடம்" தேடி அலைவது வீண் வேலை.

பெங்களூருவில் தமிழ் வழி அரசு பள்ளிகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. பிள்ளைகள் குறைந்து, வாத்தியார் இல்லாமல் பல மூடப்பட்டு விட்டன. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பழைய தமிழர் பகுதிகளில்தான். புது ஏரியாக்களில் அரசு பள்ளி என்றால் கன்னட வழி அல்லது இங்கிலீஷ் மீடியம். உருது குடும்பங்களுக்கு சிவாஜிநகர் பக்கம் உருது பள்ளிகள் உண்டு.

கல்வி உரிமை சட்டம் 2009-படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அரசு பள்ளியில் சேர்க்க முடியாது என்று சொல்லக்கூடாது. டி.சி. வர லேட் ஆகுது என்றும், பிறப்பு சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக்கூடாது. வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனாலும் டி.சி.யை கையோடு வாங்கிக்கொண்டு போவது நல்லது. பின்னாடி பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல்தான்.

இன்னொரு விஷயம். கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் வழக்கமாக மே மாத கடைசியிலேயே திறந்துவிடும். "நம்ம ஊர் மாதிரி ஜூன்ல போய்க்கலாம்" என்று இருந்தால் பாடம் ஓடிவிடும்.

ஏரியா வாரியாக ஒரு பார்வை

2011 கணக்கெடுப்புப்படி கர்நாடகத்தில் தமிழை தாய்மொழியாக சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். இவர்களில் பெரும்பகுதி பெங்களூருவிலும் சுற்றுப்புறத்திலும்தான். ஆனால் எல்லா ஏரியாவும் ஒன்று இல்லை.

அல்சூர், சிவாஜிநகர்: பிரிட்டிஷ்காரன் 1800-களின் தொடக்கத்தில் கண்டோன்மெண்ட் கட்டியபோது தமிழ் சிப்பாய்களும், வேலைக்காரர்களும், வியாபாரிகளும் வந்து குடியேறிய இடம். பெங்களூருவில் தமிழர்களின் தாய்வீடு. அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டு மாதம் திறந்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. தமிழ்ச்சங்கமும் இங்கேதான். மெட்ரோ ரெயிலில் 'ஹலசூரு' என்று போட்டிருப்பதை பார்த்து வேறு ஊர் என்று நினைத்துவிடாதீங்க. அதுதான் அல்சூர். தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும். ஆனால் நகரின் நடுவில் இருப்பதால் வாடகை ஜாஸ்தி. கிடைப்பது ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு.

ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம்: மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கும் சிட்டி ரெயில் நிலையத்துக்கும் பக்கம். மில் தொழிலாளர்கள் காலத்தில் இருந்தே தமிழ் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. பீன்யா தொழிற்பேட்டைக்கு மெட்ரோ பச்சை வழியில் நேராக போகலாம். நெருக்கடியும், மழை வந்தால் தண்ணீர் நிற்பதும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு தடவை தெருவை போய் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா: ஓசூர் ரோட்டு வரிசை. கார்மெண்ட்ஸ், கம்பெனி, அபார்ட்மெண்ட் வேலை எல்லாம் இங்கே. 2025 ஆகஸ்டு 10-ந்தேதி ஆர்.வி.ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை 19 கி.மீ. மெட்ரோ மஞ்சள் வழி திறந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கலந்து கேட்கும். பழைய ஊர் கிடையாது. எனவே பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாறும்.

கே.ஆர்.புரம், ஒயிட்பீல்டு: கட்டிட வேலை கொழிக்கும் பக்கம். தெலுங்கு பேசுபவர்கள் அதிகம். மெட்ரோ ஊதா வழி 2023 அக்டோபரில் முழுதாக ஓட ஆரம்பித்தது. கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரெயிலில் வேலைக்கு வரும் தமிழர்களும் இந்த பக்கம்தான் இறங்குகிறார்கள்.

அத்திப்பள்ளி, சந்தாபுரா: எல்லையை தாண்டியதும் வருபவை. வாடகை நகரத்தை விட கம்மி. ஓசூருக்கு பக்கம். வேலை நகரத்துக்குள் என்றால் டிராபிக்கில் உயிர் போகும்.

ஊருக்கு போற வழியையும் பாருங்க

பொங்கல், மாரியம்மன் திருவிழா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி, துக்கம் என்றால் ராத்திரியில் ஊருக்கு ஓட வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஓசூர் ரோடு பக்கம் வசதி. சில்க்போர்டு அல்லது எலெக்ட்ரானிக் சிட்டியில் நின்றாலே பஸ் கிடைக்கும். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்க்காரர்களுக்கு ரெயில்தான் சவுகரியம். அவர்களுக்கு கே.ஆர்.புரம், கண்டோன்மெண்ட் பக்கம் வீடு இருந்தால் நல்லது. நகரத்தை குறுக்காக கடக்கவே 2 மணி நேரம் ஆகிற ஊர் அது.

பயம் நியாயம்தானா?

காவிரி பிரச்சினையில் 1991 டிசம்பரில் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளை விட்டு பலர் ஓடி வந்தார்கள். 2016 செப்டம்பரிலும் பஸ்கள், லாரிகள் எரிந்தன. அந்த நாட்களை பார்த்த பெரியவர்கள் "நம்ம ஆளுங்க இருக்கிற தெருவா பாத்து போங்க" என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனால் வருஷம் 365 நாளும் அங்கே வாழப்போவது பக்கத்து வீட்டு கன்னடக்காரரோடுதான். முழுக்க தமிழ் தெருவில் அடைந்துகொண்டால் 10 வருஷம் ஆனாலும் கன்னடம் வராது. பாஷை வராத மேஸ்திரிக்கு கூலியில் ஏமாற்றம், ஆஸ்பத்திரியில் தடுமாற்றம், போலீஸ் நிலையத்தில் பேச முடியாத நிலை. பழைய தமிழர்கள் கொஞ்சம் இருக்கணும், உள்ளூர்க்காரர்களும் கலந்து இருக்கணும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட தெருதான் சரி.

கன்னடம் ஒன்றும் மலை இல்லை. நம்ம 'ப' பல இடத்தில் அங்கே 'ஹ' ஆகிவிடும். பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, புலி என்பது ஹுலி, பூ என்பது ஹூவு. தெலுங்கு படிக்க தெரிந்த வீடுகளுக்கு இன்னும் சுலபம். இரண்டு எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "கன்னடா சொல்ப சொல்ப பருத்தே" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பாதி கதவு திறந்துவிடும்.

வீட்டு சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியவை

* அட்வான்ஸ் எத்தனை மாசம்? பெங்களூருவில் 10 மாத வாடகையை அட்வான்சாக கேட்பது பழைய பழக்கம். பேசினால் குறைப்பார்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்க.

* லீசுக்கா, வாடகைக்கா? நம்ம ஊர் போக்கியம் மாதிரி மொத்தமாக பணம் கொடுத்து இருப்பது லீஸ். வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல் நகையை வித்து பணத்தை கொடுத்துவிடாதீங்க. வீடு ஏலத்துக்கு போனால் போட்ட பணத்தை திரும்ப வாங்குவது பெரும்பாடு.

* தண்ணி எங்கேயிருந்து வருது? காவிரி குழாயா, போரா, டேங்கரா? 2024 கோடையில் போர்கள் வற்றி பெங்களூருவே தண்ணிக்கு தவித்தது. டேங்கர் காசு யார் தலையில் என்பதை கேட்டுக்கொள்ளுங்க.

* அக்ரிமெண்ட் போட்டு தருவாரா? இதுதான் முக்கியம். வழக்கமாக 11 மாதத்துக்கு போடுவார்கள். ஆதார் விலாசம் மாற்ற, கியாஸ் இணைப்பு மாற்ற, பேங்க் கணக்கு தொடங்க எல்லாவற்றுக்கும் இந்த பேப்பர் வேண்டும். வாடகை 500 ரூபாய் கம்மி என்று அக்ரிமெண்ட் இல்லாத வீட்டுக்கு போனால் ஒவ்வொரு ஆபீசிலும் கையை பிசைய வேண்டியிருக்கும்.

2023-ல் கர்நாடகத்தில் 2 திட்டங்கள் வந்தன. பெண்களுக்கு சாதாரண அரசு பஸ்சில் இலவச பயணம் ஒன்று. 200 யூனிட் வரை இலவச மின்சாரம் இன்னொன்று. முதலாவதுக்கு கர்நாடக விலாசம் உள்ள அடையாள அட்டை வேண்டும். இரண்டாவதில் வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். விலாசம் மாற்றாமல் இருந்தால் முதலாவது கிடைக்காது.

ரேஷன் கார்டை என்ன செய்வது?

அவசரப்பட்டு எதையும் ஒப்படைக்க வேண்டாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமை கார்டு (பி.எச்.எச்.), அந்தியோதயா கார்டு வைத்திருப்பவர்கள் அதே கார்டை காட்டி, ஆதார் கைரேகை வைத்து பெங்களூரு ரேஷன் கடையில் மத்திய அரசு தானியத்தை வாங்கலாம். என்.பி.எச்.எச். என்று போட்ட முன்னுரிமை இல்லாத கார்டுக்கு இது கிடையாது. உங்க கார்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்து பாருங்க.

நிரந்தரமாக குடியேறி அங்கே கார்டு வாங்குவது என்றால், இங்கே பெயரை நீக்கிய பிறகுதான் வாங்க வேண்டும். 2 மாநிலத்திலும் கார்டு வைத்திருந்தால் ஆதாரில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே கார்டை விட்டால் அதை வைத்து கிடைக்கும் சலுகைகளும் நின்றுவிடும். கூட்டி கழித்து பார்த்து முடிவு செய்யுங்க.

சாதி சான்றிதழ் விஷயத்திலும் கவனம் தேவை. ஒரு மாநிலத்தில் எஸ்.சி. பட்டியலில் உள்ளவர், வேறு மாநிலத்துக்கு குடியேறினால் அந்த மாநில அரசு வேலையில் எஸ்.சி. ஒதுக்கீடு கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பு சொன்னது. சொந்த மாநிலத்தில் அந்த உரிமை அப்படியே இருக்கும்.

கட்டிட தொழிலாளர் நல வாரியமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கடைசி 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்த, 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. மேஸ்திரி சொல்வார் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டு பதிவு செய்யுங்க.

கொட்டகை வாழ்க்கை வேண்டாம்

பலர் முதலில் போய் இறங்குவது கட்டிடம் கட்டும் இடத்திலேயே போட்ட தகர கொட்டகையில். வாடகை மிச்சம்தான். ஆனால் 6 மாதத்தில் கட்டிடம் முடிந்தால் கொட்டகை வேறு ஏரியாவுக்கு போகும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும். இரண்டாவது தடவை மாறும்போது பிள்ளை பள்ளிக்கூடமே போகாது. தம்பி தங்கையை பார்த்துக்கொள்ள பெரிய பெண்ணை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் 18 வயசு ஆகும் முன்னாடியே கல்யாண பேச்சு. இந்த கதை ஓசூர் ரோட்டில் புதுசு இல்லை.

தனி ஆளாக போகிறவருக்கு கொட்டகை ஓகே. பிள்ளைகளோடு போகிறவர்கள், வேலை இடம் மாறினாலும் வீடு மாறாத மாதிரி, மெட்ரோவோ பஸ்சோ நன்றாக கிடைக்கும் ஒரு தெருவில் நிலைத்து நிற்பது முக்கியம். அப்பா தினமும் ஒரு மணி நேரம் பஸ்சில் போகலாம். பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கணும்.

ஓசூரிலேயே இருந்தால்?

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். 7-ம் வகுப்பு பெண்ணும், 2-ம் வகுப்பு பையனும். கொஞ்சம் யோசித்தால் இவர்களுக்கு ஓசூரே பொருத்தம். அரசு பள்ளி தொடரும். மகளுக்கு 7.5 சதவீதம் போகாது. தெலுங்கும் தமிழும் தெருவிலேயே கேட்கும். அப்பா பஸ்சில் பொம்மசந்திரா போய் மெட்ரோ ஏறலாம். அம்மாவுக்கு ஓசூர் சிப்காட் பக்கமே வேலை தேடலாம். மகள் பிளஸ்-2 முடித்த பிறகு வேண்டுமானால் குடும்பத்தோடு போகலாம்.

அப்பாவுக்கு தினமும் அலைச்சல் என்பது உண்மைதான். சாயங்காலம் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி டிராபிக்கில் நிற்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். பெங்களூரு கூலியும் ஓசூர் கூலியும் ஒன்று இல்லை என்பதும் உண்மை.

இதுவே 2 பிள்ளைகளும் 5-ம் வகுப்புக்கு கீழே என்றால் கணக்கு மாறும். நிரந்தரமாக அங்கே வாழப்போகிறோம் என்ற முடிவோடு அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமோ, ஓசூர் ரோட்டிலோ பள்ளிக்கூடத்தை பார்த்து வீடு எடுக்கலாம். கன்னடத்தை பள்ளிக்கூடம் சொல்லித்தரும். தமிழை வீட்டில் தினமும் அரை மணி நேரம் எழுத வைக்க வேண்டும். சாயங்கால பேப்பரை சத்தமாக படிக்க சொன்னாலே போதும்.

எதுவாக இருந்தாலும் வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒரு நாள் லீவு போட்டு போய் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க. வேலை நாளில் காலை 8 மணிக்கு அந்த தெருவில் நின்று பாருங்க. பிள்ளைகள் யூனிபார்ம் போட்டு எந்த பக்கம் நடந்து போகிறார்கள், தண்ணி லாரி வருகிறதா, பஸ்சில் ஏற இடம் இருக்கிறதா, டீக்கடையில் என்ன பாஷை கேட்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மனைவியையும், மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்க. பகலெல்லாம் அந்த தெருவில் இருக்கப்போவது அவங்கதான்!